இல்லாத மாட்டின் நோய்

கோமாரியை ஒழிக்க ஊசி வேண்டாம், ஒரே ஒரு தீர்மானம் போதும் என்று கண்டறிந்த மேதை வாழும் நாட்டில்தான் நாமும் மூச்சு விடுகிறோம், செல்வங்களே. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.

அவர் கால்நடைத் துறையின் பொருளாதார ஆலோசகர். "ஊசி போட்டால் செலவு அரசாங்கத்துக்கு, மாடு செத்தால் நட்டம் மாட்டுக்காரிக்கு. ஆகவே நோயே சிக்கனம்" என்று அவர் துறைக் கூட்டத்தில் வாசித்ததும் மேசைகள் அதிர்ந்தன. நாடு அன்றே 'நோயற்றது' ஆனது. பால்பொடி வாங்கும் வெளிநாட்டார் வந்து பார்த்து ஒப்பந்தம் போடுவதுதான் பாக்கி.

கதவோரம் நின்ற அவருடைய அக்காவும் கைதட்டினாள். பால் விற்றுத் தம்பியைப் படிக்க வைத்தவள் அவள். ஆனால் வந்த காரியம் வேறு.

"தம்பி, நம்ம செவலைக்கு வாயெல்லாம் புண்ணு. காலை ஊனவே மாட்டேங்குது. டாக்டரை அனுப்புடா."

"மெதுவா பேசுக்கா! நாட்டுல நோயே இல்ல."

"அப்போ செவலைக்கு வந்திருக்கிறது?"

"டாக்டர் வந்தா நோய்னு எழுதணும். எழுதினா ஒப்பந்தம் போச்சு. அப்படி ஒரு மாடே இல்லைன்னு வச்சுக்கோயேன்."

"போன வாரம் வரைக்கும் செம்பு செம்பா கறந்துச்சேடா, இந்த இல்லாத மாடு!"

ஆனாலும் கூடப்பிறந்த பாசம் விடுமா? மறுநாள் காலை அவரே கொட்டிலுக்கு வந்தார். பூட்ஸ் காலோடு சாணியில் நின்று செவலையின் கழுத்தைத் தடவினார். கண் கலங்கினார். கலங்கிய கண்ணோடு காரில் ஏறி, வெளிநாட்டு விருந்தினர் காத்திருந்த அரசு மாதிரிப் பண்ணைக்கு நேரே போனார். பண்ணை வாசலில் கால் நனைத்துப் போக ஒரு மருந்துத் தொட்டி இருந்ததுண்டு. 'மருந்தைக் கண்டால் நோய் ஞாபகம் வரும்' என்று அதை எடுத்துவிட்டுச் சிவப்புக் கம்பளம் விரிக்கச் சொன்னவரும் அவரே. அதில் கம்பீரமாக நடந்தார். ஒவ்வொரு மாட்டையும் தட்டிக்கொடுத்துக் காட்டினார்.

அடுத்த வாரம் ஒப்பந்தம் போட வந்த விருந்தினர், பண்ணை முழுக்க எச்சில் வடித்து நின்ற மாடுகளைப் பார்த்தார்கள். பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று மாலையே விசாரணைக் குழுவோடு ஆலோசகர் அக்கா வீட்டு வாசலில் நின்றார். செவலை செத்துப்போய், கொட்டிலில் கயிறு மட்டும் கிடந்தது.

"அக்கா, நோய் உன் மாட்டுகிட்டேயிருந்துதான் பரவியிருக்கு. துறை உன்கிட்ட நட்டஈடு கேக்குது."

அக்கா வெறுங்கயிற்றைப் பார்த்தாள். பிறகு தம்பியின் காலைப் பார்த்தாள்.

"இல்லாத மாட்டுக்கு நோய் ஏதுடா, தம்பி? உன் பூட்ஸ் இருக்கு பாரு, அதைக் கட்டிப்போட்டு ஊசி போடச் சொல்லு. செலவை மட்டும் வழக்கம்போல என் தலையில கட்டிடாதே!"