தாயூற்றுக்கு வந்த பாதுகாப்பு

மன்னரையே வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் மாங்குடை நாட்டில் (வாக்குச்சீட்டில் ஒரே பெயர்தான் இருக்கும்) தாயூற்று என்றொரு புனிதக் கிணறு இருந்தது. அங்கே யாரும் தன் குடத்துக்குத் தானே இறைக்கக் கூடாது. அடுத்தவர் ஊற்றினால்தான் அது தீர்த்தம். முகம் பார்க்காத மாமியாரும் மருமகளும்கூட அங்கே குடத்தை நீட்டித்தான் ஆகவேண்டும்.

தேர்தல் நெருங்கியதும் மன்னருக்குக் கிணற்றின்மேல் பக்தி பொங்கியது. வேலி போட்டார்கள். புனிதம் கெடாதிருக்க, ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே போகலாம் என்றார்கள். தனியே போனவருக்கு யார் ஊற்றுவார்? தமக்கே ஊற்றிக்கொண்டவர்களை, மரபை மீறியதாகச் சிறையில் போட்டார்கள்.

வேலம்மையின் கைக்குழந்தைக்கு அதனால் பெயரில்லை. தாயூற்று நீரில் முழுக்காட்டிய பிறகே பெயர். பெயர் இருந்தால்தான் குழந்தைகளுக்கு அரண்மனை வழங்கும் பால் கிடைக்கும். அவளுக்கோ பால் வற்றிவிட்டது. மரபுக் காவல் அமைச்சரிடம் போனாள்.

"கூட ஒருத்தியை விடுங்க ஐயா. அவ எனக்கு ஊத்தட்டும், நான் அவளுக்கு ஊத்துறேன்."

"இருவர் சேர்ந்தால் கூட்டம், அம்மா. கூட்டத்துக்கு அனுமதி இல்லை."

"புள்ள பசியில கெடக்கே?"

"பொறுமையும் நம் மரபே."

திருவிழா அன்று மன்னர் தங்கக் குடத்தோடு தனியே உள்ளே போனார். வெகுநேரம் நின்றார். பிறகு தாமே இறைத்துத் தம் குடத்தை நிரப்பிக்கொண்டார். வேலிக்கு வெளியே அமைச்சர் தொண்டையைச் செருமினார்.

"மன்னருக்கு அடுத்தவர் என்று எவருமே இல்லை. ஆகவே இதுவே மரபின் உச்சம்."

கைதட்டல் ஓய்வதற்குள் அந்த உச்சத்தை அமைச்சர்களுக்கும் நீட்டித்துவிட்டார்கள். வேலம்மை கைதட்டவில்லை. எதிர்வீட்டுப் பூவாயியை இழுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே எருமைக் குட்டைக்குப் போனாள். கரையில் ஊற்றுத் தோண்டினார்கள்.

"குடத்தை நீட்டுடி" என்றாள்.

ஒருத்திக்கு மற்றவள் ஊற்றினாள். சாயங்காலமே குழந்தைக்குப் பெயர் வைத்தாயிற்று. பால் வழங்கும் அதிகாரி, முழுக்காட்டியது எந்தத் தண்ணீர் என்று துருவினார்.

"தாயூத்துத் தண்ணிதாங்க" என்றாள், கண் சிமிட்டாமல்.

பால் வந்தது. பெண்களெல்லாம் குடத்தோடு குட்டைக்குத் திரண்டார்கள். சேதி அரண்மனைக்கு எட்டாமல் இருக்குமா? ஒரு நாள் காலையில் ஆட்கள் கம்பிச் சுருளோடு வந்து குட்டையைச் சுற்றி அளக்க ஆரம்பித்தார்கள்.

வேலம்மை குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அளக்கட்டும். வாங்கடி, அந்தப் பக்கம் ஓடையில மணலு நல்லா ஈரமா இருக்கு."