வளர்ச்சி கேட்கும் பெட்டி

‘கீச்… கீச்…’ என்று முதலில் சத்தம்தான் வந்தது. பெஞ்சில் படுத்திருந்த கணவரின் மூக்கு புதிதாக ஏதோ வித்தை கற்றுக்கொண்டுவிட்டது என்று இஸ்திரிக்கடை அக்கா நினைத்தாள். காதைக் கொண்டுபோய்ப் பார்த்தால், அங்கே வழக்கமான குறட்டைதான். இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வெளியே வந்தாள். எதிரே விளக்குக் கம்பத்தில் ஏணி சாத்தி, வெள்ளைப் பெட்டி ஒன்றைத் திருகி மாட்டிக்கொண்டிருந்தார் நகர வளர்ச்சி அதிகாரி. அவர் சட்டைகள் இவளிடம்தான் தேய்க்க வரும்.

“என்ன சார் இது, கேமராவா?”

“கேமரா எல்லாம் பழசும்மா. இது வளர்ச்சிமானி. தெருவுல கேட்கிற சத்தத்தை வச்சு, இங்க எவ்வளவு பொருளாதாரம் நடக்குதுன்னு உலகத்துக்கே சொல்லிடும். எங்கயோ உட்கார்ந்திருக்கிற முதலீட்டாளர் இதைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவார்.”

“சத்தம் இல்லேன்னா?”

“உறங்கும் நிலம்னு அறிவிச்சுடுவோம். கடைகளை எடுத்துட்டு, கம்ப்யூட்டரை அடுக்கி வைக்கிற பெரிய கட்டடம் வரும்.”

“அந்தக் கட்டடம் சத்தம் போடுமா?”

“உள்ள ஆளே இருக்க மாட்டாங்க. எப்படிச் சத்தம் வரும்?”

“அப்போ அதுவும் தூங்குற நிலம்தானே சார்?”

“அது தூங்காதும்மா. சிந்திக்கும்.”

அக்கா தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். சட்டை தேய்ப்பதைப் போல ஓசைப்படாத தொழில் வேறு எது? இந்தக் கடை போனால் அடுப்பும் அணைந்தது. பக்கத்தில் மூக்குக் கண்ணாடி விற்கும் அண்ணனின் நிலைமை இன்னும் மோசம். வாடிக்கையாளர் எழுத்தைப் படித்துக் காட்டினால் உண்டு, இல்லையென்றால் அங்கே மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது.

ஆனால் மறுவாரம் அதிகாரி மலர்ந்த முகத்தோடு வந்தார்.

“இந்தத் தெருவில் கனரகத் தொழிற்சாலை ஒன்று சீராக இயங்கி வருவதாக மானி தெரிவிக்கிறது. மத்தியானம் தொடங்கி சாயங்காலம் வரை. எங்கே அந்த ஆலை?”

அக்கா கடைக்குள் பெஞ்சைப் பார்த்தாள்.

“அதோ சார். இப்பத்தான் ஆலை புரண்டு படுத்துச்சு.”

அதிகாரி சட்டென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எழுப்பிடாதீங்க. உற்பத்தி பாதிக்கும்.”

கல்யாணமான நாள் முதல் அவள் வாயில் அரைபட்ட குறட்டை அது. இப்போது அதற்கு அரசாங்க மரியாதை. கணவர் எழுந்ததும் விஷயத்தைக் கேட்டு, மிகுந்த பொறுப்புணர்வோடு சோம்பல் முறித்தார். “இனிமே கடைத்தெருவுக்கு என்னை அனுப்பாதே. எனக்கு ஷிப்ட் இருக்கு.”

ஒற்றை ஆலையை நம்பி ஒரு தெரு எத்தனை நாள் ஓடும்? கண்ணாடிக்கடை அண்ணன் தகரத் தட்டைக் கீழே போட்டுப் போட்டு எடுக்க ஆரம்பித்தார். அவர் மனைவி மாடியிலிருந்து அவரைத் திட்டியதைச் சேவைத் துறை என்று மானி ஏற்றுக்கொண்டது. எதிர்வீட்டம்மா பதிலுக்குத் திட்டியபோது அது இருதரப்பு வர்த்தகமாயிற்று. தெரு நகரத்திலேயே முதலிடத்துக்கு வந்தது. வெளிநாட்டுக் குழு வந்து, காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பாராட்டிவிட்டுப் போனது. மற்ற தெருக்கள் சும்மா இருக்குமா? சம்மட்டி அடிக்கும் சத்தத்தைப் போனிலேயே தரும் கம்பெனி ஒன்று முளைத்தது. லாரி பின்னோக்கி வரும் சத்தத்துக்குத் தனிக் கட்டணம். ஊரில் எல்லோரும் வளர்ச்சியில் மும்முரமானார்கள். வேலை செய்யத்தான் யாருக்கும் நேரமில்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளில் அதிகாரி ஓடி வந்தார். உலக நகரங்கள் மாநாட்டில் அவர் பேச வேண்டும்.

“சட்டை ரெடியாம்மா?”

“என்ன சார்?”

“சட்டை, சட்டை.”

“இஸ்திரிப்பெட்டியைத் தொட்டே நாளாச்சு சார். தெருவே தட்டைப் போட்டு உருட்டும்போது நான் மட்டும் சத்தமில்லாம தேய்ச்சா, சும்மா விடுவாங்களா? நீங்க மாட்டிவச்ச பெட்டிதானே.”

அதிகாரி கசங்கின சட்டையிலேயே விமானம் ஏறினார். மேடையில் யாரோ அதைச் சுட்டிக் கேட்டார்களாம். ‘இது கசங்கல் அல்ல, ஓயாத உழைப்பின் தடம்’ என்று இவர் சொன்னாராம். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனதாம்.

பிறகென்ன? ‘அலுவலர் அனைவரும் தத்தம் பதவிக்கு உரிய அளவில் கசங்கியிருத்தல் வேண்டும்’ என்று ஆணை வந்தது. நேரான சட்டை போட்டவனைப் பார்த்து, “என்னப்பா, வேலைவெட்டி ஒண்ணும் இல்லையா?” என்று ஊரே கேட்டது. பெரிய கடைகளின் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள்கூடக் கசங்கி நின்றன.

அக்கா மோவாயில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். கடை தப்பியது. தொழில்தான் போய்விட்டது.

“ஆலைதான் நல்லா ஓடுதே. உனக்கென்ன கவலை?” என்றார் கணவர்.

“உங்க ஆலை சோறு போடுமாங்க?”

அவர் யோசித்தார். யோசனை நீண்டு மறுபடி உற்பத்தியில் முடிந்தது.

அந்த நேரம் கண்ணாடிக்கடை அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். கையில் புதுச் சட்டை.

“தங்கச்சி, மானம் போச்சு. நானே மேல உட்கார்ந்து கசக்கிப் போட்டுட்டுப் போனேன். சம்பந்தி வீட்டுல சிரிச்சுட்டாங்க. இது வீட்டுக் கசங்கலாம். பெரிய மனுஷன் கசங்கல் வேற மாதிரி இருக்குமாம்.”

“சட்டையை நேராக்கத்தான் அண்ணே எனக்குத் தெரியும்.”

“மடிப்பு வைக்கத் தெரியும்ல? அதையே தாறுமாறா வையேன். நாலு பேர் மதிக்கணும்.”

அவருக்குப் பின்னால் யாரோ கனைத்தார்கள். வளர்ச்சி அதிகாரி. தோளில் ஒரு மூட்டை.

“எனக்குப் பதவி உயர்வும்மா,” என்றார் கூச்சத்தோடு. “காலர்ல கொஞ்சம் கவலை தெரியணும். முதுகுல வெளிநாட்டுப் பயணம். முழங்கையில மட்டும் ஏழைகள் மேல அக்கறை. செய்யலாமா?”

“நேராத் தேய்க்கிறதைவிட இதுக்குக் கூலி ஜாஸ்தி ஆகும் சார்.”

“ஆகட்டும். நியாயம்தானே?”

அவருக்குப் பின்னால் தெரு வளைவுவரை ஆட்கள் சட்டையும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் தட்டை உருட்டவில்லை. அவரவர் கசங்கலை நினைத்துக்கொண்டு பயபக்தியோடு அமைதியாக நின்றார்கள்.

அக்கா மேசையில் துணியை விரித்தாள். அதிகாரியின் முதல் சட்டையை எடுத்து உதறி, தண்ணீர் தெளித்து, சூடு பார்த்து, வழக்கம்போல நேராகத் தேய்க்க ஆரம்பித்தாள். முறையாகக் கசக்க வேண்டுமென்றால் முதலில் அது நேராக இருக்க வேண்டாமா?