மூணாம் தாளில் என் கட்டிலைக் காணோம்

வீட்டுக்கு உள் அலங்காரம் பண்ணப் படிச்சுப் பட்டம் வாங்கிய என் அருமைப் பேத்திக்கு,

பாட்டி எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுத வழியில்லை. உன் நலம் அறிய ஆவல். கோபம் இருந்தாலும் ஆவல் ஆவல்தான்.

நீ சுவரையெல்லாம் எடுத்து, வீட்டையே ஒரே கூடமாக்கிவிட்டு ஊருக்குப் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. எல்லாத்துக்கும் சக்கரம் வச்சுட்டே. உங்கப்பன் ஷூ கழட்ட சோபாவில் உட்கார்ந்தான், சோபா அவனைக் கூட்டிக்கொண்டு போய் அடுப்படியில் விட்டது. என் ரூமுக்கு நீ போட்ட தள்ளுற சுவர் இருக்கிறதே, முந்தாநாள் மதியம் கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்தலாம்னு போனா சாத்தக் கதவு இல்லை. சுவரைத் தள்ளினேன், தப்பான பக்கம் போயிடுச்சு. அந்தப் பக்கம் உங்கம்மா போனில், "எங்க அத்தை இருக்காங்களே..." என்று ஆரம்பித்தவள் என்னைப் பார்த்துட்டு, "...தங்கமானவங்க"ன்னு முடிச்சா. கல்யாணமாகி வந்த நாலாம் நாளே என் குடையை பஸ்ஸில் விட்டுட்டு வந்தவள் அவள். நான் மறக்கலை.

அதெல்லாம் போகட்டும். நீ ஃபிரிட்ஜில் ஒட்டிட்டுப் போன மூணு தாளுக்கு வருகிறேன். இப்ப வீடு எப்படி, அஞ்சு வருஷம் கழிச்சு எப்படி, பத்து வருஷம் கழிச்சு எப்படின்னு வரைஞ்சிருக்கே. முதல் தாளில் என் கட்டில் இருக்கு, தலைமாட்டு ஸ்டூல்கூட இருக்கு. ரெண்டாம் தாளிலும் இருக்கு. மூணாம் தாளில் என் ரூம் இருந்த இடத்தில் புத்தக அலமாரி, 'படிக்கிற இடம்'னு எழுத்து. கட்டிலைக் காணோம். பூதக்கண்ணாடி வச்சும் தேடினேன்.

எனக்கு எழுபத்தெட்டு. ரெண்டாங்கிளாஸோட நின்னவள்தான், ஆனா இந்தக் கூட்டல் எனக்கும் தெரியும்டி. அதை வரைஞ்சு ஒட்டணுமா? பால் எடுக்கப் போகும்போதெல்லாம் நான் இல்லாத வீட்டைப் பார்க்கிறேன். மூணு வயசில் நீ சுவர் பூரா கலர் பென்சிலால் கிறுக்கினப்ப உங்கம்மா அடிக்க வந்தா, குறுக்கே நின்னவள் நான். அந்தச் சுவரைத்தானே முதல்ல இடிச்சே?

அதனால் பெட்டி கட்டிட்டேன். என் தம்பி வீட்டுக்குப் போறேன். முப்பது வருஷமா நான் அவனோட பேசறதில்லை, ஆனா அவன் வீட்டுச் சுவரெல்லாம் நின்ன இடத்தில் நிக்குது.

நல்லா இரு. வேளாவேளைக்குச் சாப்பிடு. கோபத்தோடதான் வாழ்த்துறேன், ஆனா குறைச்சு வாழ்த்தலை.

இப்படிக்கு,
மூணாம் தாளில் இல்லாத பாட்டி

பி.கு: கவரை ஒட்டப் போகும்போது கார்பென்டர் சக்கரத்துக்கு ஸ்க்ரூ முடுக்க வந்தார். மூணாம் தாளைக் காட்டி, "ஏம்பா, இதுல நான் எங்கே?"ன்னேன். "இதோ இருக்கீங்களேம்மா!"ன்னு கூடத்துப் பெரிய ஜன்னலோரம் விரலை வச்சார். நான் சோபான்னு நினைச்சது என் கட்டிலாம். அதிலிருந்து பாத்ரூம் வரைக்கும் ஒரு கோடு போகுதே, துணி காயப்போடுற கொடின்னு விட்டுட்டேன். அது நான் பிடிச்சுக்கிட்டு நடக்கக் கைப்பிடியாம். "உங்க உயரத்துக்கே அளவு போட்டிருக்கும்மா, எண்பத்தெட்டு வயசுக்கு ரெண்டு இஞ்ச் குறைச்சு"ன்னார். ஊருக்குப் போறதுக்கு முன்னாடி என்னை நிக்க வச்சு டேப் பிடிச்சியே, நீ எனக்கு ஸ்வெட்டர் பின்னப் போறேன்னு இல்ல நினைச்சேன்? ஸ்வெட்டர் வரலை, அந்தக் கோபம் தனியா இருக்கட்டும்.

மேலே எழுதினதைக் கிழிக்க மாட்டேன், எழுத நாலு நாள் ஆச்சு. பெட்டியைப் பிரிச்சுட்டேன். உங்கம்மாதான் புடவையெல்லாம் மடிச்சு வச்சா, குடையைப் பத்தி ரெண்டு பேரும் பேசிக்கலை.

ஒண்ணு கேக்கணும். பத்து வருஷத்தோட ஏன் நிறுத்திட்டே? அதுக்கப்புறம் நான் எங்கே படுக்கிறது? நாலாம் தாளையும் வரைஞ்சு சீக்கிரம் அனுப்பு. ஃபிரிட்ஜில் இடம் விட்டு வச்சிருக்கேன்.