கணினிக்குக் கம்பளி போர்த்திய விவரம்

கந்தப்பளை,
2007, தை மாதம்.

அன்புத் தம்பி துஷாந்துக்கு, அக்கா மீனம்மா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் அனைவரும் சுகம். குளிர் எங்களைவிடச் சுகமாக இருக்கிறது. கொழும்பில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து இதை வாசிக்கும் உன் பாக்கியம் நீடிக்க முருகன் துணையிருக்கட்டும்.

இன்று காலை பள்ளிக்கூடத்துக்குப் போனதும் முதல் வேலையாக, நீ கொடுத்த கணினிக்குக் கம்பளி போர்த்தினேன். சிரிக்காதே, முழுவதும் படி.

மார்கழி பிறந்ததிலிருந்து அந்தப் பெட்டி காலையில் போட்ட உடனே அணைந்துவிடும். அணையுமுன் திரையில் ஒரு வரி: ‘செயலியின் வெப்பநிலை 250 பாகை. பாதுகாப்புக்காக நிறுத்தப்படுகிறது.’ வெளியே புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாய்க் கிடக்கிறது, கண்ணாடி உடைந்த ஜன்னலருகே பிள்ளைகள் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நடுங்குகிறார்கள், இதற்கு மட்டும் 250 பாகையாம்! அந்தப் பிள்ளைகளுக்குக் கம்பளி கேட்டு நான் கல்வி அலுவலகத்துக்கு எழுதியதும், மாணவரைப் போர்த்த ஒதுக்கீடு இல்லை என்று பதில் வந்ததும் உனக்குத் தெரியும். எங்கள் அதிபர் செல்வரத்தினம் ஐயா, மனிதர் சொல்வதை நம்பாவிட்டாலும் இயந்திரம் சொல்வதை நம்புகிறவர். மற்ற ஜன்னல்களையும் திறக்கச் சொன்னார். பெட்டியின் மூடியைக் கழற்றினோம். மேசையோடு தூக்கி வராந்தாவில் வைத்தோம். அங்கே 248.

“பாத்தியளே டீச்சர், ரெண்டு பாகை இறங்கீட்டுது! உப்பிடியே விடுங்கோ, சரிவரும்” என்றார் ஐயா.

அப்படியே விட்டோம். பிள்ளைகளும் அப்படியே நடுங்கினார்கள்.

அப்போதுதான் காவல்காரர் வீரய்யா அண்ணன் வந்தார். “என்னாங்க டீச்சரம்மா, காச்சக்காரப் புள்ளைய பனியில போட்டு வச்சிருக்கீங்க! போத்திவிட்டா வேர்த்து எறங்கிரும்ல?” என்று தன் தோளில் கிடந்த கம்பளியையே எடுத்துப் போர்த்தி, பக்கத்தில் கரியடுப்பு வேறு மூட்டினார். ஐயா தலையில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் பெட்டி எழுந்து ஓடியது! வெப்பநிலை மூன்று பாகையாம். “காச்ச விட்டிருச்சுங்க” என்றார் அண்ணன், டாக்டர் மாதிரி.

போர்த்தினால் சூடு இறங்குமா? கணக்கு டீச்சருக்கு இது பொறுக்குமா? “அக்கா, கேர்னல்ல மட்டும் கை வைக்காதீங்க, பெட்டி எழும்பாது”ன்னு நீ சொன்னே. இயங்குதளத்தோட கருவே அதுதான்னு தெரிஞ்சும் வெச்சேன். ரெண்டு தடவ எழும்பலதான். உள்ள போய்ப் பார்த்தா, வெப்ப உணரியைப் படிக்கிற டிரைவர் நிரல் ஒண்ணு இருக்கு. அதை எழுதின புண்ணியவான், செயலி சைபருக்குக் கீழே போகும்னு கனவுலயும் நினைக்கல. அந்த உணரி எப்பவுமே கொஞ்சம் குறைச்சுச் சொல்ற ரகம். எங்க குளிருக்கு மைனஸ் ஆறுங்குது. நிரல்லே மைனஸ் குறியை வாங்கி வைக்க இடமில்லை, சைபருக்குக் கீழே போனா 256-லேருந்து கழிச்சுக் காட்டுது, அதனால மைனஸ் ஆறு இருநூற்றைம்பதா நிமிர்ந்து நிக்குது! நாம குளிரவைக்கக் குளிரவைக்க, அது மைனஸ் எட்டாகி, 248 ஆச்சு. அந்த எண்ணை வைக்கிற மாறியோட வகையைச் சொல்ற இடத்துல, மைனஸையும் ஏத்துக்கிற மாதிரி ஒரே ஒரு சொல்லை மாத்தினேன். கம்பளி போர்த்தினபடியே கேர்னலைத் திரும்பத் தொகுத்தேன். மறுநாள் பனியில, போர்வையில்லாம, திரையில மைனஸ் ஆறு. அணையல! ஆளில்லாத வகுப்பில் தனியாக நின்று கைதட்டினேன்.

இன்று ஐயாவிடம் இதைச் சொல்ல வாயெடுத்தேன். “இண்டைக்குக் கல்வி அதிகாரி வாறார், முதல்லை கம்பளியைப் போர்த்துங்கோ” என்றார். போர்த்தினேன்.

திருத்தத்தை இத்துடன் எழுதி வைத்திருக்கிறேன். அந்த டிரைவரைப் பராமரிப்பவர்களுக்கு உடனே அனுப்பு. என் பெயர் எழுத்துப்பிழையில்லாமல் இருக்கட்டும். குளிர்ப்பிரதேசத்துக் கணினி எதுவும் இனி அவதிப்படக் கூடாது. வேளைக்குச் சாப்பிடு. குழந்தைக்கு என் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் நோய்நொடியின்றி இருக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா மீனம்மா

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். திருத்தத்தை அனுப்பாதே! வந்த அதிகாரி கம்பளியைத் தடவிப் பார்த்தார். ஐயா அதன் மகிமையை விளக்கினார். உபகரணப் பராமரிப்புக்கு ஒதுக்கீடு இருக்கிறதாம். “ஒரு கம்பியூட்டருக்கு எத்தனை கம்பளி வேணும்?” என்றார் அதிகாரி. நான் ஜன்னலோர வாங்குகளில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளை ஒருமுறை எண்ணிவிட்டு, “பன்னிரண்டு” என்றேன். “அவ்வளவா?” “பாகங்கள் நிறைய இருக்கு, சேர்.” எழுதிக்கொண்டு போனார். அவை வந்து சேரும்வரை இந்த டிரைவர் திருந்தவே இல்லை. வந்ததும், வீரய்யா அண்ணனின் கம்பளி அவர் தோளுக்குத் திரும்பும். புதியவை பன்னிரண்டும் ஜன்னலோர வாங்கிலிருந்து தொடங்கிப் பிள்ளைகளைப் போர்த்தும். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.