மேகம் இல்லாத குற்றாலம்

எங்கள் மாவட்டத்தில் குளத்தை ஒழித்தவர்கள் பலர் உண்டு. அவர்களிடமெல்லாம் லாரி, ஜேசிபி, ஆள்பலம் என்று ஏதாவது இருந்தது. தென்காசியில் ஓர் ஏசி அறையில் உட்கார்ந்து, ஒரு லேப்டாப்பையும் ஓசியில் கிடைத்த படங்களையும் வைத்துக்கொண்டு, செருப்பில் சேறு படாமல் ஒரு குளத்தை ஒழித்தவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சிவில் இன்ஜினியரிங் முடித்து, ஆன்லைனில் ஆறு வாரம் மேப் போடும் படிப்பும் படித்து, திட்ட அறிக்கை தயாரிக்கும் ஒரு தனியார் ஆபீஸில் சேர்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் "திறந்த தரவு" என்பேன். செயற்கைக்கோள் படம் இலவசம், மேடு பள்ள விவரம் இலவசம், யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம் இலவசம். (என் அறிவுரையும் இலவசம். கேட்காதவர்களுக்கும் கொடுப்பேன்.)

குற்றாலம் சீசனுக்கு வரும் வண்டிகளை நிறுத்த இடம் கண்டுபிடிக்கும் வேலை எங்கள் ஆபீஸுக்கு வந்தது. கொடுத்த ஆபீஸின் பெயர் வேண்டாம். நான் இன்னும் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன்.

செயற்கைக்கோள் படங்களைத் தேடும்போது மேகம் மறைத்த படங்களை வடிகட்டிவிட வேண்டும் என்று படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். (சொன்னவர் பாலைவனத்துக்காரராக இருக்க வேண்டும்.) வடிகட்டினேன். கண்ணாடி மாதிரி படங்கள் வந்தன. அதில் மெயின் ரோட்டை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய வெட்டவெளி. வீடு இல்லை, மரம் இல்லை, திறந்த வரைபடத்தில் அதற்குப் பெயரும் இல்லை. சுற்றிக் கோடு போட்டு "காலி இடம்" என்று எழுதினேன். உலகம் பயன்பெறட்டும் என்று அந்தத் திறந்த வரைபடத்திலும் ஏற்றிவிட்டேன். கிராமக் கணக்கைப் பார்க்கத் தாலுகா ஆபீஸுக்குப் போக வேண்டும். வெயிலாக இருந்ததால் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்திருந்தார். அம்மாவின் தம்பி. செம்பாறைக்குளத்து மடைக்குக் கீழே அவருக்கு மூன்று வயல் உண்டு. அறுப்பு முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி அவர் வயலிலிருந்துதான் வரும். அவரிடம் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன்.

"மேல இருந்து பாத்தா எனக்கு என்னட்டி வெளங்கும்? எல்லாம் வறட்டி தட்டுன மாதிரில்லா இருக்கு. ஒரு எட்டு நடந்துபோய்ப் பாரு" என்றார்.

"நடக்கணுமா? நான் வானத்துல இருந்தே பாத்துட்டேன், மாமா" என்றேன்.

இந்த வாக்கியத்தைச் சொன்னபோது கால் மேல் கால் போட்டிருந்தேன் என்று அம்மா சாட்சி சொல்கிறாள்.

ஜூனில் சாரல் பிடித்தது. வெட்டவெளியில் கயிறு கட்டி, போர்டு வைத்து, முதல் சனிக்கிழமையே எழுபது எண்பது வண்டிகளை நிறுத்தினார்கள். மலையில் நல்ல மழை. மறுநாள் காலை என்னை அவசரமாகக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் காலி இடத்தைக் காணவில்லை. கதவு வரை தண்ணீரில் வேன்கள் நின்றன. அருவிக்குப் போக உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்ட ஆண்கள் அப்படியே ஓடி வந்து வேனைத் தள்ளினார்கள். கை வழுக்கி ஒருவர் பின் ஒருவராகத் தண்ணீரில் விழுந்தார்கள். அருவிக்குப் போகாமலே பாதிப் பேருக்குக் குளியல் முடிந்தது.

வேலை கொடுத்த ஆபீஸின் அதிகாரி குடையோடு வந்தார். "ஏம்மா, இது எந்த மாசத்துப் படம்?"

"ஏப்ரல் சார். மேகம் இல்லாத படமா வடிகட்டினேன்."

அவர் மலையைப் பார்த்தார். மலை தெரியவில்லை, மேகம்தான் தெரிந்தது. "மேகம் இல்லாத மாசத்துல குத்தாலத்துக்கு எவம்மா வருதான்?"

அந்நேரம் தோளில் மண்வெட்டியோடு கரையில் மாமா வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "ஏட்டி, நீ இங்கன என்ன பண்ணுதே? குளம் பெருகிட்டு, பாத்தியா!"

அப்போதுதான் தெரிந்தது. மடைப் பக்கமிருந்து, தண்ணீரோடு மட்டுமே நான் பார்த்திருந்த செம்பாறைக்குளம் அது.

"ஆபீஸ் வேலையா வந்தேன், மாமா" என்றேன். அவர் மடையைப் பார்க்கப் போய்விட்டார்.

வேலை போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிக்கைக்கு ஒப்புதல் ஆகியிருந்தது, டெண்டரும் முடிந்திருந்தது. மேப்பைத் திருத்துவதைவிடக் குளத்தைத் திருத்துவது சுலபம் என்று எங்கோ முடிவெடுத்துவிட்டார்கள். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை மறித்து, குளத்தில் சரளை மண் கொட்டினார்கள். மேகத்தை ஊடுருவும் ரேடார் படங்களும் இலவசம்தான் என்று அதற்குப் பிறகுதான் கற்றேன். ஜூலை மாதத்துக் குளத்தை அதில் எடுத்துப் பிரிண்ட் போட்டு அந்த ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்து, "நல்லா இருக்கும்மா" என்றார்கள்.

மாமா மனு கொடுத்தார். பதில் வந்ததும் என்னிடம்தான் கொண்டுவந்தார். "நீதான் படிச்சவ. என்ன போட்டுருக்காவன்னு வாசி."

வாசித்தேன். மேற்படி இடத்தில் நீர்நிலை ஏதும் இல்லை, இணைப்பில் உள்ள வரைபடமே சான்று. இணைப்பைப் புரட்டினேன். பழுப்பு வெட்டவெளி, சுற்றிலும் என் கோடு.

"கீழ மூலையில என்னமோ எழுதியிருக்கே?"

"தயாரித்தவர் பேரு, மாமா."

"யாரு?"

என் பெயரை நானே வாசித்தேன். என் பெயரை அவ்வளவு மெதுவாக நான் ஒருபோதும் சொன்னதில்லை. மாமா திட்டியிருந்தால் தேவலை. தாளை வாங்கி நான்காக மடித்தார். "அன்னைக்கே சொன்னேம்லா, ஒரு எட்டு நடந்துபோய்ப் பாருன்னு" என்றார். காப்பி குடிக்காமல் போனார்.

திறந்த வரைபடத்திலாவது குளம் இருக்கட்டும் என்று நீல நிறத்தில் வரைந்து பெயரும் எழுதினேன். ஒரு மாதத்தில் முகம் தெரியாத யாரோ அதை அழித்து "வாகன நிறுத்தம்" என்று மாற்றியிருந்தார். கூடவே ஒரு குறிப்பு: "நேரில் போய்ப் பார்த்தேன், குளம் இல்லை." அவர் சொன்னது சரி. நான் செய்யாததை அவர் செய்திருக்கிறார்.

இப்போதும் எங்கள் வீட்டு விசேஷங்களில் இலையில் சாம்பார் தேங்கினால், அக்கா வீட்டுக்காரர் பந்தி முழுக்கக் கேட்கும்படி, "ஏட்டி, வானத்துல இருந்து பாத்துச் சொல்லு. இது குளமா, காலி இடமா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மாமாவும்தான் சிரிக்கிறார்.

சிரித்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடி, "அரிசி எந்தக் கடையில வாங்குனிய?" என்று கேட்பார்.