குருவிகள் ஒத்துப்போகாத ஐப்பசி

அரசாங்கம் இதுவரை அச்சடித்த எந்தப் படிவத்துக்குள்ளும் அடங்காத ஒரே மனிதர், கோட்டையூர்ப் பக்கம் எங்கள் கண்மாய்க்குக் காவலாக இருக்கும் நீர்பாய்ச்சிதான். எதைக் கேட்டாலும் "பாப்பம்" என்பார்; அதுவே பெயராகிவிட்டது. ஓய்வு பெற்றபின் பாசனச் சங்கச் செயலாளரான நான் முறைப்படி அவருக்கு மேலதிகாரி. இது அவருக்குத் தெரியாது.

சென்ற ஐப்பசியில், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்கும் திட்டம் ஒன்றிலிருந்து ஓர் அம்மையார் படிவத்தோடு வந்தார். பாரம்பரிய அறிவைப் பதிய வேண்டுமாம். பாப்பம் அவரைக் கரை மரங்களிடம் அழைத்துப் போனார். தூக்கணாங்குருவி உயரத்தில் கூடு கட்டினால் கண்மாய் பெருகும், தாழக் கட்டினால் பெருகாது என்பது அவர் கணக்கு.

"இந்த வருசம் எப்படிங்கய்யா?"

"அங்குட்டு உசக்க இருக்கு. இங்குட்டுத் தாழ இருக்கு."

"அப்ப நான் எதை எழுத?"

"குருவிக்கே குழப்பம்னு எழுதுங்கம்மா. முன்னெல்லாம் இப்படி இல்லை."

படிவத்தில் ‘ஆம்’, ‘இல்லை’ இரண்டுக்கு மட்டுமே இடம் இருந்தது.

தலைவலி எனக்கு வந்தது. உபரி நீர் வெளியேறும் கலுங்கில் வரிசையாகக் குத்துக்கற்கள் உண்டு. இடுக்குகளில் வைக்கோலும் களிமண்ணும் திணித்தால் நெல்லுக்குத் தண்ணீர் தங்கும். பெருமழை வந்தால் அதுவே கரையை உடைத்துக் கீழத்தெருவுக்குள் புகும். கூட்டம் போட்டேன். வயல்காரர்கள் அடை என்றார்கள். கீழத்தெருவார் தொடாதே என்றார்கள். ‘குருவிகளிடையே ஒருமித்த கருத்து ஏற்படாததால் ஒத்திவைக்கப்படுகிறது’ என்று தீர்மானம் எழுதினேன்.

மறுநாள் பார்த்தால், பாப்பம் ஓர் இடுக்கு விட்டு ஓர் இடுக்கு அடைத்திருந்தார். இரு தரப்பும் என்மேல் பாய்ந்தன. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்தேன்.

"கண்ணாடி கொண்டாரலை. நீங்களே படிங்க சார்."

படித்தேன்.

"நல்லாத்தான் கேட்டிருக்கீக. பதிலையும் நீங்களே எழுதிருங்க."

"என்னய்யா எழுத?"

"எனக்கும் வெளங்கலை, பக்கத்துல நின்னு பாப்பம்னு எழுதுங்க."

எழுதினேன். பெற்றுக்கொண்டதாக நானே கையெழுத்தும் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் மழை பிடித்தது. பாப்பம் கலுங்கில் முழங்கால் தண்ணீரில் நின்றார். நீர் ஏறினால் ஓர் இடுக்கின் அடைப்பைப் பிடுங்கினார். தணிந்தால் மறுபடி அடைத்தார். சாயங்காலம் மழை விட்டபோது கண்மாய் நிறைந்திருந்தது. கீழத்தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் போகவில்லை.

"இப்படித்தான் ஆகும்னு எப்படிய்யா தெரிஞ்சது?"

"தெரியலையே சார். அதனாலதான நின்னேன்."

இப்போதெல்லாம் வானம் கறுத்தால் குடையை எடுத்துக்கொண்டு கலுங்குக்குப் போய்விடுகிறேன். அவருக்கு இரண்டு கையிலும் வேலை. யாராவது பிடிக்க வேண்டாமா?