கடைசி பெஞ்சுப் பரீட்சை

காகித ராக்கெட் நேரே மூக்கைக் குறிவைத்து வந்தது. இல்லாத ராக்கெட்தான் என்று தெரிந்தும் புது டீச்சர் குனிந்துவிட்டாள்.

எல்லாம் அவள் மாட்டியிருந்த கண்ணாடி செய்கிற வேலை. வகுப்பறை நிஜம், பெஞ்சுகள் நிஜம். உட்கார்ந்திருந்த ஐந்து பிள்ளைகள் மட்டும் மாயம். பக்கத்து அறையில் யாரோ ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து பேருக்கும் குரல் கொடுத்து ஆட்டிவைக்கிறார். அரை மணி நேரம் இந்த வகுப்பைச் சமாளித்தால் வேலை. இரண்டு வருஷமாகச் செருப்புத் தேய அலைந்தவளுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை. முடிவு சொல்ல வேண்டியவர் ஹெட்மாஸ்டர். சிரித்தால் பல் கொட்டிவிடும் என்று பயப்படுகிற மாதிரி முகத்தை வைத்திருப்பவர்.

ராக்கெட் விட்ட கடைசி பெஞ்சுக்காரனைக் கண்டுகொள்ளாமல் பின்னக் கணக்கை ஆரம்பித்தாள். அவன் சேவல் மாதிரி கூவினான்.

"தம்பி, முன்னால வந்து உக்காரு."

வந்தான். இப்போது முதல் பெஞ்சே சேர்ந்து கூவியது.

தட்டிக்கொடுத்துப் பார்ப்போம் என்று, "கண்ணு, இன்னையிலேருந்து நீதான் கிளாஸ் லீடர்" என்றாள்.

"நெஜமாவா டீச்சர்?" அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எழுந்தான். "எல்லாரும் பையைத் தூக்குங்க! இன்னைக்கு லீவு!"

ஐந்து பைகளும் தோளில் ஏறின.

அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "போடா வெளிய! நான் கூப்பிடற வரைக்கும் உள்ள காலெடுத்து வைக்கக் கூடாது!"

"சரி டீச்சர்" என்று தலையைத் தொங்கப்போட்டவன் அப்படியே மறைந்துபோனான்.

அதற்கப்புறம் மற்ற நாலு பேரும் வாயே திறக்கவில்லை. வைத்த கண் வாங்காமல் பாடம் கேட்டார்கள். அரையும் காலும் முக்காலான அழகை அவளே ரசித்து ரசித்து நடத்தினாள். நிம்மதியாக இருந்தது.

மணி அடித்தது. கண்ணாடியைக் கழற்றினபோதுதான், மேஜைமேல் கிடந்த விதிமுறைத் தாளின் முதல் வரி கண்ணில் பட்டது: 'எந்தப் பிள்ளையையும் வகுப்பை விட்டு வெளியே அனுப்பக் கூடாது.'

போச்சு. காத்திருந்தாள். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். ஹெட்மாஸ்டரைக் காணோம்.

அட்டெண்டர் தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தார்.

"வேலை இல்லன்னு சொல்லிட்டாரா அண்ணே?"

"அதெல்லாம் இல்லம்மா. உங்க வேலை ஆர்டரைக் கையில வச்சுக்கிட்டு ஹெட்மாஸ்டர் ரொம்ப நேரமா வெளியவே நிக்கிறாரு. நீங்க இன்னும் உள்ள கூப்பிடலையாம்!"